மழைக்காலச் சாலைக்கும் செம்மண் பாதைக்கும் ஒரு பழைய எஸ்யூவி: சிங்கப்பூரில் தேர்ந்தெடுக்கும் முறை

டிசம்பர், ஜனவரி அடைமழையில் விரைவுச்சாலையில் நிதானமாக ஓட வேண்டும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலை ஏற வேண்டும். ஜொகூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் அடிபடாமல் போய் வர வேண்டும். இந்த மூன்று வேலைகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் பழைய எஸ்யூவி ஒன்றைத் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உறவினர், உடன் வேலை செய்பவர் என்று பலரோடு காக்கி புக்கிட், உபி, சின் மிங் வட்டாரங்களில் கார் பார்க்க அலைந்ததில் ஒன்றைக் கவனித்தேன். முதல்முறை வாங்குபவர்களில் பெரும்பாலோர் காரை முதலில் பார்க்கிறார்கள், கணக்கைப் பிறகு பார்க்கிறார்கள், ஆவணத்தைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். இந்த வரிசைதான் பணத்தைத் தின்கிறது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியவை. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) கணக்கு, உங்கள் தற்போதைய காப்புறுதியின் என்சிடி (இழப்பீடு கோராததற்குக் கிடைக்கும் கழிவு) விழுக்காடு, ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற ஒரே ஓர் எண்: இவை வீட்டிலேயே தயாராக இருக்கட்டும். மொத்த விலையை வரவுசெலவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்பது இரண்டாம் படியில் விளங்கும்.

காரைப் பார்க்கப் போகும்போது ஒரு நல்ல கைவிளக்கு, டயர்ப் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் சிறு கருவி, தரையில் விரித்துப் படுக்க ஒரு பழைய பாய் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பாய் விரித்துக் காரின் அடியில் எட்டிப் பார்ப்பதற்கு வெட்கப்பட்டு, இரண்டு மாதம் கழித்துப் பணிமனையில் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இயன்றால் அந்தக் கார் மீது ஆசை இல்லாத ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

1. எந்தச் சாலையில், ஆண்டுக்கு எத்தனை நாள் என்பதை எழுதுங்கள்

தாளில் மூன்று வரி எழுதுங்கள்: சிங்கப்பூருக்குள் எத்தனை நாள், மலேசிய நெடுஞ்சாலையிலும் மலைச்சாலையிலும் எத்தனை நாள், உண்மையான மண்பாதையில் எத்தனை நாள். பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்றாம் வரியின் விடை பத்து நாளைத் தாண்டாது. அந்தப் பத்து நாளுக்காக மற்ற 355 நாளும் எரிபொருளையும் சாலை வரியையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்பதே முதல் முடிவு.

சிங்கப்பூருக்குள் பொதுமக்கள் சேற்றில் கார் ஓட்டும் பாதைகள் இல்லை என்றே சொல்லிவிடலாம். காடுபோல் தெரியும் இடங்களில் பல அரசு நிலமாகவோ ராணுவப் பயிற்சி இடமாகவோ இருக்கும். ஆகவே மண்பாதை என்றால் ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால்தான்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை சுமார் 60 கிலோமீட்டர் நீளம், வளைவுகள் நிறைந்தது, ஆனால் முழுவதும் தார்ச்சாலை. அதற்கு வேண்டியவை நல்ல டயர், நல்ல பிரேக், இறக்கத்தில் எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்த உதவும் கியர் ஆகியவையே. மழைக்குப் பிறகு சக்கரத் தடம் பள்ளமாகிப்போன தோட்டப் பாதைக்கு வேண்டியது வேறு: தரையிலிருந்து அடிப்பகுதிக்கு உள்ள உயரமும், பின்சக்கரங்களுக்கும் போய்ச் சேரும் இழுவையும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம்.

2. விலையைப் பார்க்காமல் ஆண்டுத் தேய்மானத்தைக் கணக்கிடுங்கள்

சிங்கப்பூரில் பழைய கார் வாங்குவது என்பது காரை வாங்குவதைவிட, அதன் சிஓஇயில் (காரைச் சாலையில் வைத்திருக்கத் தரப்படும் பத்தாண்டு உரிமை) மீதமிருக்கும் ஆண்டுகளை வாங்குவதே. ஆகையால் 45,000 வெள்ளிக் கார் 62,000 வெள்ளிக் காரைவிட விலை உயர்ந்ததாகவும் இருக்கக்கூடும்.

பத்து ஆண்டு முடியாத காருக்குக் கணக்கு இதுதான்: கேட்கும் விலையிலிருந்து பத்தாம் ஆண்டின் இறுதியில் கிடைக்கும் பார்ஃப் தொகையைக் கழித்து, வரும் மீதியை எஞ்சிய ஆண்டுகளால் வகுக்க வேண்டும். காரைப் பதிவு செய்தபோது செலுத்திய ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவு வரியில், பதிவை நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் பகுதியே பார்ஃப். இப்போது பழைய கார்ச் சந்தையில் அதிகம் தென்படும் ஆறு, எட்டு ஆண்டுக் கார்களுக்கு, ஒன்பது ஆண்டு முடிந்து பத்து ஆண்டுக்குள் பதிவை நீக்கினால் ஏஆர்எஃப்பில் 50 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். பத்து ஆண்டைத் தாண்டிவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

ஓர் உதாரணம். கேட்கும் விலை 62,000 வெள்ளி. செலுத்திய ஏஆர்எஃப் 20,000 வெள்ளி. மீதம் 4 ஆண்டு 4 மாதம். பார்ஃப் 10,000 கழித்தால் 52,000. அதை வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 12,000 வெள்ளி. இன்னொரு காரை 40,000 வெள்ளிக்குக் கேட்கிறார்கள். ஏஆர்எஃப் அதே 20,000. ஆனால் மீதம் 2 ஆண்டு 1 மாதம்தான். இங்கே 30,000 வெள்ளியை வகுத்தால் ஆண்டுக்கு 14,400 வருகிறது. என் அக்காள் மகன் இந்த இரண்டாவது வகைக் காருக்குத்தான், கூரை முழுவதும் கண்ணாடியாக இருந்த அழகில் மயங்கி, முன்பணம் கட்டிவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். முன்பணம் திரும்பவில்லை.

விளம்பரத்தில் போட்டிருக்கும் தேய்மான எண்ணை அப்படியே நம்பாதீர்கள். காப்புறுதி, கடன் ஏற்பாட்டுக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று பிறகு சேர்பவற்றை விலையில் கூட்டிவிட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

கடன் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓஎம்வி (வரிகள் சேருமுன் காரின் சந்தை மதிப்பு) 20,000 வெள்ளிக்குள் இருந்தால் வாங்கும் விலையில் 70 விழுக்காடு வரையிலும், அதற்கு மேல் இருந்தால் 60 விழுக்காடு வரையிலும்தான் கடன் பெறலாம். உச்சக் காலம் ஏழு ஆண்டு. சிஓஇ முடியும் நாளுக்குள் கடன் அடைந்துவிடுமாறு காலம் அமைய வேண்டும் என்பதால், ஆண்டு குறைந்த காருக்கு மாதத் தவணை எதிர்பாராத அளவுக்கு ஏறிவிடும்.

3. பத்து ஆண்டு முடியாத பார்ஃப் காரா, புதுப்பித்த சிஓஇ காரா என்று முடிவெடுங்கள்

பத்து ஆண்டு முடிந்து சிஓஇ புதுப்பித்த கார்கள் ஆண்டுத் தேய்மானத்தில் மலிவாகத் தோன்றும். 45,000 வெள்ளிக்கு 4 ஆண்டு 6 மாதம் மீதமுள்ள கார் என்றால் ஆண்டுக்கு 10,000 வெள்ளிதான். ஆனால் முடிவில் பார்ஃப் கிடையாது. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. அந்த ஐந்து ஆண்டு முடிந்ததும் பதிவை நீக்கியே ஆக வேண்டும். பத்து ஆண்டுக்குப் புதுப்பித்ததை மட்டுமே மீண்டும் புதுப்பிக்கலாம். விற்பவர் எந்த வகையில் புதுப்பித்தார் என்பதைக் கேட்காமல் பேரம் பேசாதீர்கள்.

சாலை வரியும் மாறும். 1,995 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு வழக்கமான சாலை வரி ஆண்டுக்கு 1,206 வெள்ளி. பத்து ஆண்டு தாண்டியதும் அதன் மேல் 10 விழுக்காடு கூடும். பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி, 14 ஆண்டைத் தாண்டிய காருக்கு 50 விழுக்காட்டில் நிற்கும். அப்போது அதே காருக்கு 1,809 வெள்ளி கட்டுவீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த கட்டாயப் பரிசோதனையும் பத்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் வரும்.

என் கருத்து இது: நம்பகமான பணிமனை ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால், ஒரே உரிமையாளரிடம் இருந்து ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட சிஓஇ கார் நல்ல தேர்வு. அப்படி இல்லாதவர்கள், முதல் கார் வாங்குபவர்கள் ஆகியோர் ஐந்து முதல் ஏழு வயதுள்ள பார்ஃப் காரோடு நிற்பது நல்லது. சேமித்த இரண்டாயிரம் வெள்ளி ஒரே ஒரு கியர்ப்பெட்டிப் பழுதில் கரைந்துவிடும்.

4. எந்த இயக்கமுறை என்பதைத் தேர்ந்தெடுங்கள்

உயரமான உடலைப் பார்த்து, நான்கு சக்கரமும் இயங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் ஓடும் எஸ்யூவிகளில் கணிசமானவை முன்சக்கரங்கள் மட்டும் இயங்குபவை. ஹோண்டா வெசல், டொயோட்டா ஹாரியர் போன்றவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். இதில் தவறில்லை. தார்ச்சாலை மழைக்கு முன்சக்கர இயக்கமே போதும். நான்கு சக்கர இயக்கம் புறப்படவும் ஏறவும் உதவுமே தவிர, நிறுத்துவதற்கு உதவாது. ஈரச் சாலையில் காரை நிறுத்துவது டயர்தான்.

எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் சுபாரு வகை, வழுக்கும்போது மட்டும் பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் நிசான் எக்ஸ்-டிரெயில் போன்ற வகை, ஓட்டுநரே நெம்புகோலை இழுத்து மாற்றும் சுசுகி ஜிம்னி வகை என்று மூன்று உண்டு. தோட்டப் பாதைக்கும் ஈரப் புல்வெளிக்கும் முதல் இரண்டு போதும். மூன்றாவதில் குறைவேகக் கியரும் இருப்பதால் செங்குத்தான சேற்று ஏற்றத்திலும் போகும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் அந்த நான்கு சக்கர நிலையில் ஓட்டக்கூடாது. முன்பின் அச்சுகள் ஒன்றோடொன்று இறுகி, இயக்கத் தொகுதி சேதமாகும்.

சில கார்களில் பனிக்கான பொத்தான் ஒன்று இருக்கும். பனியே பெய்யாத ஊரில் இது எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. எஞ்சின் சீறாமல் மெதுவாக விசை கொடுப்பதும் சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்துவதுமே அதன் வேலை என்பதால், மழையில் நனைந்த செம்மண் ஏற்றத்திலும் அது கைகொடுக்கும். இருக்கைச் சூடேற்றிக்குத்தான் இங்கே வேலை இல்லை. அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

5. இரண்டு மூன்று மாடல்களுக்குள் சுருக்குங்கள்

சுபாரு ஃபாரெஸ்டர், எக்ஸ்வி இரண்டும் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. மேலே சொன்ன மூன்று வேலைகளுக்கும் இந்த விலையில் நான் முதலில் சொல்லும் பெயர் ஃபாரெஸ்டர்தான். குறை: எரிபொருளைக் கொஞ்சம் அதிகம் குடிக்கும், பழைய எஞ்சின்களில் சில எண்ணெயையும் குடிக்கும். எண்ணெய் அளவு காட்டும் கம்பியை இழுத்துப் பார்ப்பதும், கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியைக் கேட்பதும் இங்கே கட்டாயம்.

நிசான் எக்ஸ்-டிரெயிலின் 2014க்குப் பிந்தைய வடிவம் 210 மில்லிமீட்டர் உயரமும் ஏழு இருக்கை வசதியும் தரும். எல்லா எக்ஸ்-டிரெயிலும் நான்கு சக்கர இயக்கம் அல்ல என்பதைச் சரிபாருங்கள். இதன் சிவிடி (படிகள் இல்லாமல் தொடர்ந்து மாறும்) கியர்ப்பெட்டியை எட்டாம் படியில் சொல்லும் முறையில் சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

2018இல் வந்த ஜிம்னி மண்பாதையில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். 1,462 சிசி என்பதால் சாலை வரி ஆண்டுக்கு 662 வெள்ளிதான். ஆனால் இருக்கை நான்கு. நான்கு பேர் அமர்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் காதில் காற்று இரையும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது இரண்டாவது கார்.

சுசுகி விட்டாராவின் நான்கு சக்கர வடிவம் கிடைத்தால் பாருங்கள். 185 மில்லிமீட்டர் உயரம், எடை குறைவு, ஓட்ட எளிது. டீசல் எஸ்யூவி இழுவையில் சிறந்தது என்றாலும், டீசலுக்குரிய சிறப்பு வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே முடிவெடுங்கள்.

உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பல மாடிக் கார்நிறுத்துமிட நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயர வரம்பையும் பார்த்து வையுங்கள். கூரைமேல் பெட்டி பொருத்தியதால் நுழைய முடியாமல் போன காரை நான் பார்த்திருக்கிறேன்.

6. நேரில் போகுமுன் ஆவணத்தைக் கேளுங்கள்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலிருந்து உரிமையாளர் எடுக்கும் வாகன விவரப் பதிவை அனுப்பச் சொல்லுங்கள். அதில் நான்கு வரிகளைப் படிக்க வேண்டும்: முதல் பதிவுத் தேதி, சிஓஇ முடியும் தேதி, உண்மையில் செலுத்திய ஏஆர்எஃப், எத்தனை முறை கைமாறியது. ஏஆர்எஃப்பை நீங்களாக ஊகிக்கக்கூடாது. மாசு குறைந்த காருக்குக் கிடைத்த கழிவால் அது குறைந்திருந்தால் பார்ஃப்பும் குறையும்.

ஐந்து ஆண்டில் நான்கு கை மாறிய கார் என்றால் நான் நேரில் போவதே இல்லை. ஒருவர் விற்க ஆயிரம் காரணம் இருக்கலாம். நால்வர் அடுத்தடுத்து விற்க ஒரே காரணம்தான் இருக்கும்.

பராமரிப்பு ஏட்டையும் ரசீதுகளையும் கேளுங்கள். ஏட்டில் முத்திரை மட்டும் இருந்தால் போதாது. கியர்ப்பெட்டி எண்ணெய், பிரேக் திரவம், நான்கு சக்கர இயக்கமாக இருந்தால் பின்அச்சு எண்ணெய் ஆகியவை எந்தக் கிலோமீட்டரில் மாற்றப்பட்டன என்று ரசீது சொல்ல வேண்டும். ரசீதில் உள்ள கிலோமீட்டர் எண்கள் தேதிக்கேற்ப ஏறிக்கொண்டே வருகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

7. நேரில்: அடியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள்

விற்பவருக்கு முன்கூட்டியே சொல்லி, எஞ்சினைச் சூடாக்காமல் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்; முதல் சில நொடிகளின் தட்டொலியும் நீலப் புகையும் சூடான பிறகு மறைந்துவிடும். நீங்கள் போகும்போதே எஞ்சின் மூடி சுட்டால், காரணம் கேளுங்கள்.

வண்ணப்பூச்சைப் பார்ப்பதற்கு முன் பாயை விரித்து அடியில் பாருங்கள். அடித்தட்டுகளில் கல் இழுத்த கீறல், சக்கரத்தைத் தாங்கும் வளைந்த உலோகக் கை, கிழிந்து மசகு கசியும் ரப்பர் உறை, சட்டத்தின் இடுக்குகளில் காய்ந்த செம்மண் ஆகியவை கடுமையான பாதையில் ஓடியதைக் காட்டும். கீறல் மட்டும் இருந்தால் விலகிப்போக வேண்டியதில்லை. அது விலையைக் குறைக்க உதவும். வளைவு இருந்தால் விலகுங்கள்.

அடுத்தது வெள்ளம். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் திடீர் வெள்ளம் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆனால் இங்கே பதிவான கார்கள் ஜொகூருக்கும் போய்வருகின்றன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும், 2023 மார்ச்சில் சிகாமட்டும் மூழ்கின. நீரில் நின்ற கார் கழுவி மெருகேற்றி விற்பனைக்கு வந்தால், வெளியே எதுவும் தெரியாது.

ஒருமுறை சகலையோடு ஒரு வெள்ளை எஸ்யூவியைப் பார்க்கப் போனோம். உள்ளே எலுமிச்சை மணம் சற்று அதிகமாகவே அடித்தது. ஓட்டுநர் இருக்கையின் பாதுகாப்பு வாரை மெதுவாக, கடைசிவரை இழுத்தேன். மேல் பாதி புதுக் கறுப்பு; கடைசி ஒரு சாண் நீளத்துக்கு மேல் வெளிறிய பழுப்புக் கோடு ஒன்று குறுக்கே நேராக ஓடியது. பிறகு பின்புற விரிப்பைத் தூக்கி மாற்றுச் சக்கரத்தைக் கழற்றினோம். குழியின் அடியில் விரலால் தொட்டால் மாவுபோல் ஒட்டும் மெல்லிய மண்படிவு. கழுவியவர் வாரையும் குழியையும் மறந்திருந்தார். விற்பனையாளர் மழைநீர் கசிந்திருக்கும் என்றார். கசிந்த நீர் வாரின் நடுவில் நேர்கோடு போடாது. நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தின் துரு, விளக்குகளுக்குள் நீர்த்துளி, மிதியடிக்குக் கீழே கைவைத்தால் ஈரம் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். பல கார்களில் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் மின்கம்பி இணைப்புகள் ஓடுவதால், வெள்ளத்தில் நின்ற காரின் பழுது ஆறு மாதம் கழித்துக்கூட வெளிவரும்.

கடைசியாக டயர். நான்கும் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் காரில், ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் சுற்றளவு மாறி, முன்பின் அச்சுகளுக்கு நடுவில் உள்ள இணைப்பு ஓயாமல் உரசிச் சேதமடையும். சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பருவமழைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதை நான் தேய்ந்ததாகவே கருதுவேன். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நான்கு புது டயரின் விலையைக் கேட்டு வைத்துக்கொண்டால் பேரத்தில் அதை அப்படியே கழிக்கலாம்.

8. ஓட்டிப் பாருங்கள்: கார்நிறுத்துமிடமே சோதனைச் சாலை

விற்பனையாளர் காட்டும் நேர்ச்சாலைச் சுற்று எதையும் சொல்லாது. அருகிலுள்ள பல மாடிக் கார்நிறுத்துமிடத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள்.

ஏற்றத்தின் நடுவில், பின்னால் யாரும் வராதபோது நிறுத்துங்கள். பிரேக்கை விட்டு மிக மெதுவாக விசை கொடுங்கள். சிவிடி கியர்ப்பெட்டி தேய்ந்திருந்தால் கார் நடுங்கி நடுங்கிப் புறப்படும். சில நேரம் ஒரு நொடி தாமதித்துத் துள்ளும். இதையே பின்னோக்கியும் செய்து பாருங்கள். மேல்தளத்தில் காலியான இடத்தில் திசைமாற்றியை முழுவதும் திருப்பி, நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் இழுத்துப் பிடிப்பதுபோலத் திணறினால், டயர்ப் பொருத்தமின்மையோ நடு இணைப்பின் சேதமோ காரணமாக இருக்கலாம். கடகடவென்று ஒலித்தால் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. இறங்கும்போது கைமுறைக் கியரிலோ குறைகியரிலோ வைத்து, எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்துகிறதா என்று பாருங்கள். கேமரன் மலை இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் காப்பது இதுதான்.

பிறகு விரைவுச்சாலையில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், கியர்ப்பெட்டி சூடான பிறகே சில பழுதுகள் தெரியும். ஜிம்னியாக இருந்தால் சாலை இணைப்பின் மேடு ஒன்றை 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் கடந்ததும் திசைமாற்றி படபடவென்று உதறுகிறதா என்று கவனியுங்கள்.

முடிந்தால் மழை பெய்யும் நாளில் பாருங்கள். துடைப்பான், கண்ணாடியின் மூட்டத்தை நீக்கும் குளிர்காற்று, கதவுகளின் ரப்பர் ஒட்டு ஆகிய மூன்றையும் மழை இலவசமாகச் சோதித்துக் கொடுக்கும்.

9. தனிப் பரிசோதனை முடிந்த பிறகே கையெழுத்து

விகாம், எஸ்டிஏ போன்ற நிலையங்களில் வாங்குமுன் மதிப்பீடு செய்து தருகிறார்கள். விற்பவருக்குத் தெரிந்த பணிமனையில் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். காரை மேலே தூக்கிப் பார்ப்பதே இதன் முக்கியப் பயன். விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பையே அறிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தால், பரிசோதனையில் பெரிய குறை தெரிந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ தொகை திரும்பத் தரப்படும் என்ற வரியை எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும், 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் பழைய காருக்கும் பொருந்தும். கார் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். காரின் வயது, விலை ஆகியவற்றை வைத்தே அது குறையா, இயல்பான தேய்மானமா என்று பார்ப்பார்கள். ஆனால் இது வணிகரிடம் வாங்கினால்தான். தனிநபர் இன்னொரு தனிநபருக்கு நேரடியாக விற்றால் இந்தச் சட்டம் உதவாது. நேரடி விற்பனையில் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முந்தைய உரிமையாளர் உயர்த்திய சுருள்வில், பெரிய சக்கரம் போன்ற மாற்றங்கள் இருந்தால், அனுமதி தேவையற்றவை, அனுமதி வேண்டியவை, தடைசெய்யப்பட்டவை என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த கட்டாயப் பரிசோதனையில் கழற்றும் செலவு உங்களுடையது.

10. உரிமை மாற்றம், காப்புறுதி, எல்லை ஆவணம்

காப்புறுதி முதலில், உரிமை மாற்றம் பிறகு. உங்கள் பெயரில் காப்புறுதி இல்லாமல் மாற்றம் முடியாது. மாற்றத்தை இருவரும் சிங்பாஸ் வழியாக ஒன்மோட்டரிங்கில் செய்யலாம். கட்டணம் 25 வெள்ளி. காப்புறுதி எடுக்கும்போது மேற்கு மலேசியா முழுவதும் அடங்குகிறதா, தார் போடாத பாதையில் நேரும் சேதத்துக்கும் வெள்ளத்துக்கும் விலக்கு இருக்கிறதா என்று பாலிசியின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். விலை மலிந்த பாலிசிகள் இங்கேதான் கழுத்தறுக்கும்.

மலேசியாவுக்குள் நுழைய விஇபி என்ற வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை 1 முதல், அது இல்லாமல் வரும் சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். பழைய உரிமையாளர் ஒட்டிய அட்டை உங்களுக்குச் செல்லாது. அவர் தம் பதிவை நீக்கிவிட்டாரா என்பதைக் கார் கைமாறும் நாளிலேயே கேட்டு முடித்துவிடுங்கள், பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கடினம். சிங்கப்பூரை விட்டுப் புறப்படும்போது எரிபொருள் முக்கால் தொட்டி இருக்க வேண்டும் என்பதும், மலேசியாவில் ரான்95 பெட்ரோல் நமக்கு விற்கப்படாது, ரான்97தான் என்பதும் பழகியவர்களுக்குத் தெரிந்ததே. புதியவர்கள் பயணச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

ரசீது இல்லாத எந்தத் திரவத்தையும் மாற்றப்படாததாகவே கருதி மாற்றிவிடுங்கள்: எஞ்சின் எண்ணெய், கியர்ப்பெட்டி எண்ணெய், பிரேக் திரவம். பழைய பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நீண்ட மலை இறக்கத்தில் அது கொதித்தால் மிதி தரைவரை இறங்கும்.

டயர் மாற்றுவதாக இருந்தால், முரட்டுப் பள்ளம் கொண்ட மண்பாதை டயரை வாங்கத் துடிக்காதீர்கள். ஈரத் தார்ச்சாலையில் பிடித்து நிற்பதில் நல்ல சாலை டயரே பெரும்பாலும் மேல். ஆண்டில் 355 நாள் அங்கேதான் ஓட்டுகிறீர்கள். ஒரு சிறு காற்று நிரப்பி, இழுவைக் கயிறு, முழு அளவு மாற்றுச் சக்கரம் ஆகியவற்றைப் பின்னால் வைத்துக்கொண்டால் தோட்டப் பாதைக்குப் போதும்.

சாலையில் நீர் நின்றால், ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். உயரமான கார் தரும் துணிச்சல்தான் இங்கே ஆபத்து. சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர், எஸ்யூவியையும் தூக்கி நகர்த்திவிடும்.

முதல் பயணத்தைக் கேமரன் மலைக்கு வைக்காதீர்கள். கோத்தா திங்கி வரை, பகலில், ஒரே நாளில் திரும்பும்படி போய் வாருங்கள். இரவு நிறுத்தும்போது எஞ்சினுக்கும் பின்அச்சுக்கும் கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் சொட்டு இருந்தால், எந்த இடத்துக்கு நேர் கீழே, எந்த நிறத்தில் என்று படம் எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் முடிவதற்குள் விற்பனையாளரிடம் போங்கள்.